ஒரே கதை, ஆண்டுக்கு நாற்பது படம்: டிவி கிறிஸ்துமஸ் காதல் படங்களில் நல்லதை எப்படிப் பிரித்தெடுப்பது?

"ஹால்மார்க் மாதிரி சேனல்களுக்காக எடுக்கும் கிறிஸ்துமஸ் காதல் படங்கள் எதைப் போட்டாலும் பெரிய நகரத்துப் பெண் சின்ன ஊருக்கு வருகிறாள், கட்டம் போட்ட சட்டைக்காரனோடு சண்டை போடுகிறாள், கடைசியில் பனி கொட்டக் கொட்ட முத்தம். இதில் நல்ல படம், மோசமான படம் என்று ஏதாவது இருக்கிறதா, இல்லை எல்லாமே ஒன்றுதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஏன் எல்லாம் ஒரே அச்சில் வருகின்றன என்பது முதலாவது. இதற்குப் பணம், நாள், நிமிடம் என்று கணக்குப் போட்டே பதில் சொல்லிவிடலாம். ஒரே அச்சில் வந்தும் சிலவற்றைக் கடைசிவரை பார்க்க முடிகிறது, சிலவற்றைப் பத்தாவது நிமிடத்தில் அணைத்துவிடத் தோன்றுகிறது, அது ஏன் என்பது இரண்டாவது. நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இதுதான் என்று நினைக்கிறேன். இதில் ரசனை கலக்கும். ஆனாலும் கைக்கு எட்டும் அளவுகோல்கள் சில உண்டு.

முதலில் இந்த வகை எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஹால்மார்க் அடிப்படையில் ஒரு வாழ்த்து அட்டை நிறுவனம். ஜாய்ஸ் ஹால் 1910இல் கான்சாஸ் சிட்டியில் தொடங்கியது. 1951 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, தொலைக்காட்சிக்கென்றே எழுதப்பட்ட ஓர் ஆபெராவை, அதாவது இசை நாடகத்தை, அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி ஒளிபரப்பியபோது அதற்கு விளம்பரதாரராக வந்ததுதான் இவர்களின் தொலைக்காட்சி வரலாற்றின் தொடக்கம். ஹால்மார்க் சேனல் என்ற பெயர் வந்தது 2001இல். கிறிஸ்துமஸ் படங்களைக் கவுண்ட்டவுன் என்ற பெயரில் வரிசையாகப் போடும் பழக்கம் 2009இல் ஆரம்பித்தது. ஃபேமிலி சேனல் என்ற இன்னொரு அமெரிக்கச் சேனல் அதற்கும் முன்பே, 1996இல், டிசம்பரின் 25 நாட்களுக்கும் சிறப்பு நிகழ்ச்சி வரிசையைத் தொடங்கியிருந்தது. பத்தே ஆண்டுகளில் ஹால்மார்க்கின் எண்ணிக்கை எகிறிவிட்டது; 2019 சீசனுக்கு மட்டும் 40 புதிய படங்களை அறிவித்தார்கள். வரிசை அக்டோபர் கடைசியிலேயே ஆரம்பமாகிவிடும். தீபாவளி முடிகிறதோ இல்லையோ, அங்கே ஜிங்கிள் மணி அடிக்க ஆரம்பித்துவிடுகிறது.

இனி அச்சுக்கு வருவோம். கேபிள் சேனலில் இப்படி ஒரு படத்துக்கு ஒதுக்குவது 2 மணி நேரம். அதில் படம் ஏறத்தாழ 84 நிமிடம்தான், மீதி விளம்பரம். அந்த 84 நிமிடத்தையும் ஒரே மூச்சில் எழுதமாட்டார்கள். விளம்பர இடைவேளைகளுக்கு ஏற்ப வழக்கமாக 9 அங்கங்களாக வெட்டி எழுதுவார்கள். முதல் அங்கம்தான் நீளம், கால் மணி நேரத்தை ஒட்டி ஓடும். ஆட்களை அறிமுகப்படுத்தி, ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்து, பார்ப்பவர் வேறு சேனலுக்குத் தாவாமல் பிடித்து வைக்க அவ்வளவு நேரம் தேவை. அடுத்தடுத்த அங்கங்கள் எட்டு, ஒன்பது நிமிடத்தில் முடிந்துவிடும். ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு சின்னக் கொக்கி இருக்கும்: கைபேசி ஒலிக்கும், பழைய காதலன் வாசலில் வந்து நிற்பான், மரத்தடியில் முத்தமிடப் போகும் நேரத்தில் யாரோ கூப்பிடுவார்கள். அந்தத் தடைபட்ட முத்தம் படத்தின் முக்கால் பங்கில் வருவதும், பெரிய மனக்கசப்பு கடைசிக்கு முந்தைய இடைவேளைக்குச் சற்று முன் வெடிப்பதும் தற்செயல் இல்லை. விளம்பரம் முடிந்தும் ஆள் டிவி முன்னால் இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த இடங்கள். ஓடிடியில் விளம்பரமே இல்லாமல் பார்க்கும்போது, எட்டு நிமிடத்துக்கு ஒரு முறை காட்சி காரணமின்றிப் பொசுக்கென்று அடங்கி மறுபடி கிளம்புவதுபோலத் தோன்றினால், வெட்டிய இடத்தின் தழும்பைத்தான் பார்க்கிறீர்கள்.

அடுத்தது நாள் கணக்கு. இப்படிப்பட்ட ஒரு படத்துக்குப் படப்பிடிப்பு ஏறத்தாழ 15 நாள். திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம் என்ற சினிமாக் கணக்கை வைத்துப் பாருங்கள்: நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆறு பக்கம் எடுத்தாக வேண்டும். தியேட்டர் படங்களில் இரண்டு மூன்று பக்கம் எடுத்தாலே நல்ல வேகம் என்பார்கள். ஆறு பக்கம் எடுப்பதென்றால் கேமராவை அடிக்கடி இடம் மாற்ற முடியாது, ஒளியமைப்பை மாற்றி மாற்றி வைக்க முடியாது, நான்காவது டேக் கேட்க இயக்குநருக்கு மனம் வராது. அதனால்தான் இரண்டு பேர் சமையல் மேடையின் இரு பக்கமும் நின்று பேசும் காட்சி இத்தனை வருகிறது. அதனால்தான் ஒரே தெருவில் நடந்துகொண்டே பேசுகிறார்கள். கதாநாயகிக்கு பேக்கரியோ விடுதியோ கிறிஸ்துமஸ் மரத் தோட்டமோ இருப்பதும் இதே காரணத்தால்தான். ஒரு கட்டடத்தைப் பிடித்தால் கடை, வீடு, அலுவலகம் மூன்றையும் அங்கேயே எடுத்து முடிக்கலாம்; அலங்காரத்தையும் ஒரு முறை செய்தால் போதும். குழந்தைகளை நாளுக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருப்பதால், கதாநாயகனின் எட்டு வயது மகள் பளிச்சென்று ஒரு வசனம் பேசிவிட்டுத் தூங்கப் போய்விடுவாள். செலவைப் பொறுத்தவரை, ஒரு படத்துக்கு இத்தனை என்று யாரும் கணக்கை வெளியிடுவதில்லை. பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வரும் தொகை 20 லட்சம் டாலரை ஒட்டியோ அதற்குக் கீழோதான். ஹாலிவுட் கணக்கில் இது சில்லறை.

பனியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் படத்தின் தரம் முதலில் கண்ணில் படுவது அங்கேதான். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை ஒளிபரப்ப வேண்டிய படங்களில் பெரும்பாலானவை வசந்தத்திலும் கோடையிலும் எடுக்கப்படுகின்றன. ஜூலை வெயிலில் கம்பளிக் கோட்டும் மஃப்ளரும் மாட்டிக்கொண்டு நடிக்க வேண்டும். தரைக்கு வெள்ளைப் பஞ்சு விரிப்பு போடுவார்கள். தூரத்தில் அது போதும், ஆனால் புல்வெளியின் ஓரத்தில் விரிப்பு மடிந்திருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நடக்கும் இடத்துக்குக் காகிதத் துகள்களைக் குழாய் வழியாக ஊதி, தண்ணீர் தெளித்துப் படிய வைப்பார்கள். கால் புதையும் சத்தமும் பளபளப்பும் வேண்டிய நெருக்கக் காட்சிக்கு ஐஸ் கட்டியைத் துருவிப் போடுவார்கள். வெயிலில் அது அரை மணி நேரம் தாங்கினாலே அதிசயம். வானத்திலிருந்து விழும் பனிக்கு சோப்பு நுரை. நுரை இயந்திரம் இரைச்சல் போடும் ரகமாக இருந்தால் வசனத்தைப் பிறகு டப்பிங்கில் சேர்க்க வேண்டிவரும்; உதட்டுக்கும் குரலுக்கும் நூலிழை வித்தியாசம் தெரிவது பெரும்பாலும் பனி கொட்டும் காட்சிகளில்தான். நுரை தரையை வழுக்கவும் வைக்கும். அதனால் பனியில் ஓடிவந்து கட்டிப்பிடிக்கும் காட்சியில் யாரும் உண்மையில் வேகமாக ஓடுவதில்லை, கவனித்துப் பாருங்கள். கம்ப்யூட்டரில் சேர்த்த பனியைக் கண்டுபிடிப்பது இன்னும் எளிது: முகத்துக்கு முன்னால் பொலபொலவென்று கொட்டும், தலைமுடியிலோ தோளிலோ ஒரு பொட்டுகூட ஒட்டியிருக்காது.

வாயிலிருந்து ஆவி வருகிறதா என்று பாருங்கள். உறைபனியில் நின்று பேசுகிறவர்கள் வாயில் ஆவி வராமல் இருக்காது. குளிர்காலத்தில் இலை உதிர்ந்து நிற்க வேண்டிய மேப்பிள் மரம் பின்னணியில் பச்சை இலை நிறைந்து நிற்கிறதா, கோட்டின் பட்டன்கள் எல்லாம் திறந்தே கிடக்கின்றனவா, உச்சி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறார்களா என்று பாருங்கள். கையில் இருக்கும் காபிக் கோப்பையையும் பாருங்கள். காட்சிக்குக் காட்சி உடையில் சிந்திவிடக் கூடாது என்பதற்காகப் பெரும்பாலும் காலிக் கோப்பையைத்தான் கொடுப்பார்கள். கனமே இல்லாத ஒன்றைத் தூக்குகிற மணிக்கட்டு அதைக் காட்டிக் கொடுத்துவிடும். நல்ல கலை இயக்குநர் கோப்பையில் கொஞ்சம் தண்ணீராவது ஊற்றி வைப்பார், ஊசியிலை மரங்கள் மட்டும் தெரியும்படி கேமராவின் பார்வையை இறுக்கச் சொல்வார், இரவுக் காட்சியாக மாற்றி வெயிலை மறைப்பார். இவ்வளவும் சரியாக இருந்தால் படம் நன்றாக இருக்கும் என்று அர்த்தமில்லை. ஆனால் கோப்பைக்கே மெனக்கெடாத குழு வசனத்துக்கு மெனக்கெட்டிருக்கும் என்று நம்புவது கஷ்டம்.

கதை நடப்பது வெர்மான்ட்டில் அல்லது கனெக்டிகட்டில், அதாவது அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் என்பார்கள். எடுத்திருப்பதோ பெரும்பாலும் கனடாவில். ஒன்டாரியோவில் ஆல்மான்ட், நார்த் பே, பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஃபோர்ட் லாங்லி போன்ற ஊர்களின் கடைத்தெருவைப் பலமுறை பார்த்திருப்பீர்கள், பெயர்ப்பலகை மட்டும் மாறியிருக்கும். காரணம் வரிச்சலுகை. வெளிநாட்டு நிறுவனத்துக்காக எடுக்கும் படமானாலும், கனடியர்களுக்குக் கொடுத்த சம்பளத்தில் 16 சதவீதத்தைக் கனடிய மத்திய அரசு திருப்பித் தருகிறது. மாகாணங்கள் தங்கள் பங்கை அதற்குமேல் தனியாகத் தருகின்றன. படத்தையே கனடியப் படமாகப் பதிவு செய்தால் மத்திய அரசின் சலுகை 25 சதவீதம். ஆனால் அதற்கு 10 புள்ளிகளில் குறைந்தது 6 வாங்க வேண்டும்: இயக்குநருக்கு 2, எழுத்தாளருக்கு 2, முதல் இரண்டு நடிகர்கள், ஒளிப்பதிவு, கலை, இசை, படத்தொகுப்பு ஆகியவற்றுக்குத் தலா 1. இயக்குநர், எழுத்தாளர் இருவரில் ஒருவரும், அதிகச் சம்பளம் வாங்கும் முதல் இரு நடிகர்களில் ஒருவரும் கண்டிப்பாகக் கனடியராக இருக்க வேண்டும். அமெரிக்க நட்சத்திரம் ஒருவர், கனடிய நடிகர் ஒருவர் என்ற ஜோடி இவ்வளவு அடிக்கடி வருவதற்கு இந்தப் புள்ளிக் கணக்கும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. இந்தப் படங்களில் அடிக்கடி வரும் நாயகர்களைப் பாருங்கள்: ஆண்ட்ரூ வாக்கர் மான்ட்ரியல்காரர், டைலர் ஹைன்ஸ் டொரான்டோ, பால் கேம்பல் வான்கூவர், லூக் மெக்ஃபார்லன் ஒன்டாரியோவின் லண்டன். ஒரே முகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்ற குறைக்கு இதற்குமேல் பதில் தேவையில்லை.

பாட்டும் இதே கணக்குதான். ஊர்க்கூட்டம் சேர்ந்து பாடுவது எப்போதும் 1818இல் முதலில் பாடப்பட்ட சைலன்ட் நைட், அல்லது 1857இல் பதிவான ஜிங்கிள் பெல்ஸ், அல்லது அந்தக் காலத்து வேறொரு பாட்டு. இவற்றுக்குக் காப்புரிமை தீர்ந்துவிட்டது. 1942இல் வந்த ஒயிட் கிறிஸ்துமஸ் போன்றவற்றுக்கு இன்னும் உரிமைத்தொகை உண்டு. 20 லட்சம் டாலர் படத்துக்கு அது கட்டுப்படியாகாது.

ஆக, சட்டகம் முன்கூட்டியே தீர்மானமாகிவிட்டது. எழுதுகிறவர் கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். முகூர்த்தச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது இலையில் என்ன விழும் என்று தெரிந்துதான் உட்காருகிறோம். எழுந்து வரும்போது ரசத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். இந்தப் படங்களையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். முடிவு தெரிந்துவிட்டது என்பதைக் குறையாகச் சொல்பவர்கள் தப்பான இடத்தில் தேடுகிறார்கள்.

சட்டகத்துக்குள் எழுத்தாளர் தீர்க்க வேண்டிய முதல் சிக்கல், காலம். கதை நடப்பது பத்துப் பன்னிரண்டு நாள். அதற்குள் இரண்டு பேர் அறிமுகமாகி, சண்டை போட்டு, வாழ்க்கையையே மாற்றிக்கொள்ளும் அளவுக்குக் காதலிக்க வேண்டும். நேர்மையாக எழுதினால் இது நம்ப முடியாத விஷயம். தேர்ந்த எழுத்தாளர்கள் இதற்கு மூன்று வழிகளைக் கையாள்கிறார்கள். இருவரும் பள்ளியிலேயே அறிமுகமானவர்கள் என்று வைப்பது ஒன்று. காதல் புதிதாகப் பிறக்க வேண்டியதில்லை, பாதியில் விட்டது தொடர்ந்தால் போதும். ஒரே வேலையில் ராப்பகலாகச் சேர்ந்து உழைக்க வைப்பது இன்னொன்று. பகல் முழுக்க மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பத்து நாளில் நிறையவே தெரிந்துகொள்ளலாம். மூன்றாவது, காலத்தையே சுழல விடுவது. ஏபிசி ஃபேமிலிக்காக 2011இல் எடுத்த 12 டேட்ஸ் ஆஃப் கிறிஸ்துமஸ் இதைச் செய்தது. எமி ஸ்மார்ட்டும் மார்க்-பால் காஸ்லரும் நடித்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அவளுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது; அவனுக்கு ஒவ்வொரு முறையும் அது முதல் நாள். அவள் அவனைப் புரிந்துகொள்ளப் போதிய நாட்கள் கிடைத்துவிடுகின்றன. சட்டகத்தை மீறாமலே சிக்கலைத் தீர்த்த விதம் அது. இந்த மூன்றில் எதுவும் இல்லாமல் வெறும் காபி சிந்திய மோதலையும் இரண்டு பனிச்சறுக்கையும் வைத்துத் திருமணம்வரை போகும் படத்தை நம்புவது கடினம்.

இரண்டாவது சிக்கல் தடை. இவர்கள் ஏன் அரை மணி நேரத்திலேயே சேர்ந்துவிடக் கூடாது? மோசமான படங்களில் இதற்கு விடை ஒட்டுக்கேட்டல்தான். அவன் கைபேசியில் பேசுவதைப் பாதி கேட்டுவிட்டு, விடுதியை விற்கத்தான் வந்திருக்கிறான் என்று அவள் முடிவு செய்து பெட்டியைக் கட்டுவாள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும் பிரச்சினையைத் தடையென்றே சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால் இந்த வகைக்கே பாட்டி முறையான படம் ஒன்று இருக்கிறது: தியேட்டருக்காக 1945இல் எடுத்த கிறிஸ்துமஸ் இன் கனெக்டிகட். பண்ணை வீட்டில் வாழும் தேர்ந்த இல்லத்தரசியாகப் பத்திரிகையில் எழுதிவரும் பெண்ணாக பார்பரா ஸ்டான்விக். உண்மையில் அவள் இருப்பது நியூயார்க் குடியிருப்பில், அவளுக்குச் சமைக்கவே தெரியாது. கிறிஸ்துமஸுக்கு ஒரு கடற்படை வீரனை விருந்தாளியாக அழைக்கச் சொல்கிறார் பத்திரிகை முதலாளி. உண்மையைச் சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் காதல் இல்லை. இந்தத் தடை பேசித் தீரும் தடை இல்லை, பேசினால்தான் வெடிக்கும். இதை 1992இல் டிஎன்டி சேனலுக்காக மறுபடி எடுத்தார்கள், இயக்கியது அர்னால்ட் ஷ்வார்ஸ்னேகர், ஆம், அவரேதான். வேடிக்கைக்காக வேண்டுமானால் பார்க்கலாம். அதே தடையை வைத்துக்கொண்டும் நடையில் கோட்டைவிட முடியும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

கதாநாயகியின் வேலையை நான் மூன்றாவதாகப் பார்ப்பேன். "மார்க்கெட்டிங்கில் இருக்கிறாள்", "பதவி உயர்வுக்காகக் காத்திருக்கிறாள்" என்று சொல்லிவிட்டு, அந்த வேலையில் அவள் என்ன செய்கிறாள் என்பதை ஒரு காட்சியிலும் காட்டாத படம் கடைசியில் அவளை அந்த வேலையை உதறச் சொல்லும்போது நமக்கு எதுவும் உறைக்காது. இழப்பதற்கு அவளிடம் எதுவும் இல்லையே. ஊரைவிட நகரம் மோசம், சம்பாத்தியத்தைவிடக் குக்கீ மேல் என்ற தீர்ப்பு படத்துக்குப் படம் வருவதை நான் ரசிப்பதில்லை. பெண் மட்டுமே இடம் மாற வேண்டியிருப்பது அதைவிட எரிச்சல். அண்மை ஆண்டுகளில் இது கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. அவன் அவளுடைய ஊருக்குப் போகிறான், அல்லது அவள் வேலையை வைத்துக்கொண்டே தீர்வு காண்கிறாள். அதேபோல நகரத்தில் அவளுக்கு ஏற்கெனவே நிச்சயமாகியிருக்கும் வருங்காலக் கணவனைப் பாருங்கள். எந்நேரமும் கைபேசியும் கையுமாக இருக்கும் கொடுமைக்காரனாக அவனை வரைந்திருந்தால் எழுத்தாளருக்கு நேரமில்லை என்று பொருள். அவனும் நல்லவன், ஆனால் இவளுக்கு ஏற்றவன் இல்லை என்று எழுதியிருந்தால் தைரியமாக மேலே பார்க்கலாம்.

கதாநாயகன் ஏன் எப்போதும் மனைவியை இழந்தவன் என்றும் கேட்பார்கள். விவாகரத்து என்றால் முன்னாள் மனைவி உயிரோடு இருப்பாள், அவளுக்கு ஒரு நியாயம் இருக்கும், அதைப் பேச நிமிடங்கள் வேண்டும். மரணம் என்றால் துக்கம் மட்டும் கிடைக்கும், குற்றம் யார்மேலும் விழாது. சிக்கனம்தான் காரணம். ஆனால் சுவரில் ஒரு புகைப்படம், கண்ணில் ஒரு துளி என்று அந்தத் துக்கத்தை முடித்துவிடுகிற படங்கள்தான் அதிகம்.

இவ்வளவும் சேர்ந்து ஒரு சோதனையாகிறது. முதல் 20 நிமிடம் மட்டும் பாருங்கள். அவள் வேலை செய்வதை ஒரு முறையாவது காட்டினார்களா? அவனுக்கு இழக்க ஏதாவது இருக்கிறதா? இருவரும் சேர முடியாததற்கு ஐந்து நிமிடப் பேச்சில் தீராத காரணம் தென்படுகிறதா? தோழி, அம்மா, கடைக்காரர் என்று வரும் பக்கத்துப் பாத்திரங்களுக்குச் சொந்தமாக ஒரு ஆசையோ ஒரு எரிச்சலோ உண்டா, அல்லது "அவன் உன்னையே பார்க்கிறான்" என்று சொல்ல மட்டும் வருகிறார்களா? ஒரு தடவையாவது சிரித்தீர்களா? ஐந்தில் மூன்றுக்கு ஆம் என்றால் தொடருங்கள். இரண்டுக்கும் கீழே போனால் அணைத்துவிடலாம். பின்பாதியில் தேறிய படத்தைக் காண்பது அபூர்வம், ஏனென்றால் கூடுதல் நேரம் கிடைக்கும் முதல் அங்கத்திலேயே செய்ய முடியாததை எட்டு நிமிட அங்கங்களில் செய்துவிட முடியாது. சிரிப்பை ஏன் சேர்த்தேன் என்றால், இந்தப் பட்ஜெட்டில் பணமில்லாமல் கிடைக்கும் ஒரே தரம் அதுதான். 2022இல் வந்த த்ரீ வைஸ் மென் அண்ட் எ பேபி இதற்குச் சான்று. சகோதரர்கள் மூவர், யாரோ விட்டுப்போன குழந்தை ஒன்று. காதல் அதில் பின்வரிசைதான். நடித்த மூவரில் ஒருவரான பால் கேம்பலும், இந்தப் படங்களில் நாயகியாக நடித்துவந்த கிம்பர்லி சஸ்டாடும் எழுதியது. சட்டகத்தின் அபத்தங்களை உள்ளிருந்து பார்த்தவர்கள் எழுதியதால் கிண்டல் சரியான இடத்தில் விழுகிறது.

யாருடைய காதல் இது என்ற கேள்வியையும் தட்டிக்கழிக்க முடியாது. நீண்டகாலம் முதன்மை ஜோடி ஏறத்தாழ எப்போதும் வெள்ளையர், எப்போதும் ஆணும் பெண்ணும். 2019 டிசம்பரில் இரு பெண்கள் முத்தமிடும் திருமண விளம்பரம் ஒன்றை ஹால்மார்க் எதிர்ப்புக்குப் பயந்து நீக்கியது, அதைவிடப் பெரிய எதிர்ப்பு வந்ததும் முடிவை மாற்றிக்கொண்டது. அடுத்த மாதமே தலைமை அதிகாரி பில் அபட் விலகினார். 2020 முதல் தன்பாலின ஜோடிகளும் ஹனுக்கா என்ற யூதப் பண்டிகையைக் கொண்டாடும் குடும்பங்களும் கறுப்பின நாயக நாயகியரும் கூடுதலாக வரத் தொடங்கினர். அபட் தலைமையில் 2021இல் தொடங்கிய கிரேட் அமெரிக்கன் ஃபேமிலி சேனல் எதிர்த் திசையில் போனது. ஹால்மார்க்கின் பெரிய முகமாக இருந்த கேண்டஸ் கேமரன் பியூர் 2022இல் அங்கே போய்ச் சேர்ந்தார். அந்தச் சேனலில் பக்தி வெளிப்படையாக வரும். மற்றபடி இந்த வகையில் கிறிஸ்துமஸ் என்பது மரம், விளக்கு, குக்கீ, ஊர்த் திருவிழா அவ்வளவுதான். குடிலையும் நள்ளிரவு ஆராதனையையும் எதிர்பார்த்து நம் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று உட்கார்ந்தால், படம் முடியும்வரை ஏசு பெயர் பாட்டில் மட்டும்தான் காதில் விழும்.

உறுதியில்லாத பேச்சுகள் இரண்டு சுற்றுகின்றன. இந்தப் படங்களைப் பார்த்தால் மூளையில் இன்ன ரசாயனம் சுரக்கிறது, மன அழுத்தம் இவ்வளவு குறைகிறது என்பது ஒன்று. முடிவு தெரிந்த கதை பலருக்கு ஆறுதல் தருகிறது என்பதை ஒப்புக்கொள்ளலாம். அதற்கு ஆய்வகச் சாயம் பூசும் செய்திகளை நான் பொருட்படுத்துவதில்லை. சேனலில் ரகசிய விதிப்புத்தகம் இருக்கிறது என்பது இன்னொன்று. ஒவ்வொரு காட்சியிலும் அலங்காரம் தெரிய வேண்டும், முத்தம் கடைசிக்குத்தான் என்ற எதிர்பார்ப்புகளை எழுத்தாளர்கள் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இணையத்தில் "விதிகள்" என்று உலவும் நீண்ட பட்டியல்கள் பெரும்பாலும் பார்வையாளர்கள் சிரிப்புக்காகத் தொகுத்தவை.

நெட்ஃபிளிக்ஸின் படங்கள் வேறு கிளை. விளம்பர இடைவேளை கிடையாது, செலவும் தாராளம். அதனால் கற்பனை ராஜ்ஜியங்கள், அரண்மனைகள். 2017இன் எ கிறிஸ்துமஸ் பிரின்ஸ் படத்தின் அரண்மனை ருமேனியாவின் பெலேஷ் கோட்டை. படத்தை 18 நாளாகத் தினமும் பார்த்த 53 பேரைப் பார்த்து "உங்களை யார் காயப்படுத்தியது?" என்று நெட்ஃபிளிக்ஸே ட்வீட் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது. கண்ணுக்கு நிறைவான படங்கள்தான், ஆனால் இறுக்கம் குறைவு; எட்டு நிமிடத்துக்கு ஒரு கொக்கி என்ற கட்டாயம் எழுத்துக்கு நல்லதும் செய்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரிகிறது.

எங்கே தொடங்கலாம் என்றால், மேலே சொன்ன கனெக்டிகட்டின் 1945 பதிப்பை முதலில் பாருங்கள், பிறகு 12 டேட்ஸ். ஹால்மார்க்கின் வழக்கமான அச்சு நன்றாக வந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க, பிராண்டன் ரூத்தும் சஸ்டாடும் நடித்த 2014இன் தி நைன் லைவ்ஸ் ஆஃப் கிறிஸ்துமஸ். தீயணைப்பு வீரன், கால்நடை மருத்துவம் படிக்கும் பெண், ஒரு பூனை. அச்சு தன்னைத் தானே கேள்வி கேட்பதைப் பார்க்க 2023இன் எ பில்ட்மோர் கிறிஸ்துமஸ். பழைய படம் ஒன்றை மறுபடி எழுதவந்து, சோக முடிவு எழுதியதற்காக ஸ்டுடியோவிடம் மாட்டிக்கொள்ளும் எழுத்தாளர் 1947ஆம் ஆண்டுக்கே போய்விடுகிறாள். எடுத்ததும் கனடாவில் இல்லை, வட கரோலினாவின் பில்ட்மோர் மாளிகையிலேயே. ஒரே வாரத்தில் நான்கையும் போட்டுவிடாதீர்கள், மூன்றாவதிலேயே முகங்கள் குழம்பும். தேடும்போது தலைப்பை மட்டும் நம்பாமல் நடிகர் பெயரையும் ஆண்டையும் சேர்த்துப் போடுங்கள். இந்தத் தலைப்புகள் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும், நாட்டுக்கு நாடு பெயரை மாற்றி விற்பதும் உண்டு. பார்த்த படத்தையே வேறு பெயரில் மறுபடி பார்த்து, பாதியில் கண்டுபிடிப்பவர்கள் நிறையப் பேர்.